பல் செட் பொருந்த, முதலில் பல் தயாராக வேண்டும்

கேமரன் மலையில் 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து, அந்தச் சரிவுகளில் கன்று நட்டுக் கொழுந்து பறித்தவர்களில் தமிழர்கள் முன்னணியில் இருந்தார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தோட்டத்திலும் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் ஊர்களிலும் இன்று முதுமையை எட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வயதில் சில பற்கள் விழுந்து சில மிஞ்சியிருக்கும் வாய்க்குக் கழற்றி மாட்டும் பகுதிப் பல் செட் கட்டுவார்கள். அதைக் கட்டிக்கொண்டவர்களிடம் எங்கும் கேட்கிற புகார் ஒன்றுதான்: ஆடுகிறது, ஈறில் குத்துகிறது, அதனால் போடுவதில்லை. செட் செய்த லேப் சரியில்லை என்று பழி சொல்வது வழக்கம். ஆனால் செட் பொருந்துமா பொருந்தாதா என்பது பெரும்பாலும் லேபில் உலோகம் உருகுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. மிஞ்சிய பற்களில் செய்யும் சிறு செதுக்கலும், அதற்குப் பிறகு எடுக்கும் அச்சும்தான் அதை முடிவு செய்கின்றன.

இதைப் புரிந்துகொள்ள, மெல்லும்போது அழுத்தம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். சொந்தப் பல்லில் கடித்தால் அழுத்தம் வேர் வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கும். வேரைச் சுற்றியுள்ள மெல்லிய நார்கள் அதைத் தாங்கும் வகையில் அமைந்தவை. ஈறு அப்படியல்ல. அதே அழுத்தத்துக்குப் பல் அசைவதைவிட ஈறு பல மடங்கு அமுங்கும். அதன் கீழே உள்ள எலும்பும் ஆண்டுக்கு ஆண்டு கரையும். சாதாரண அக்ரிலிக் செட் முழுக்க முழுக்க ஈறின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எலும்பு கரையக் கரைய அதுவும் கீழே இறங்கி, பக்கத்துப் பல்லின் ஈறை அழுத்தி உரித்துவிடும். கோபால்ட்-குரோமியம் சட்டம் வைத்த செட்டில் இதற்கு வழி உண்டு. சட்டத்திலிருந்து ஒரு சிறு உலோக நாக்கு நீண்டு, மிஞ்சிய பல்லின் மேல் உட்காரும். ரெஸ்ட் என்று பல் மருத்துவர்கள் சொல்லும் அந்த நாக்கு அழுத்தத்தைப் பல்லின் வேருக்குக் கொண்டுபோகும். செட் கீழே இறங்காமலும் தடுக்கும். ஆனால் அது உட்கார இடம் வேண்டும். இடம் ஒதுக்காமல் வைத்தால் மேல் பல் அதில் இடிக்கும். சாய்வான பரப்பில் வைத்தால் நாக்கு வழுக்கிப் பல்லை ஒரு பக்கமாகத் தள்ளும்.

எனவே வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஓர் ஆய்வு அச்சு எடுத்து, அதில் கல் போல இறுகும் கலவையை ஊற்றி, வாயின் நகலாக ஒரு கல் மாதிரி வார்ப்பார்கள். அந்த மாதிரியை சர்வேயர் என்ற கருவியில் பூட்டி, செட் எந்தத் திசையில் ஏறி இறங்கும், எந்தப் பல்லின் எந்தப் பக்கம் உள்வாங்கியிருக்கிறது என்று கோடு போட்டுப் பார்ப்பார்கள். வடிவம் முடிவான பிறகுதான் வாயில் கை வைப்பது. இடைவெளியை ஒட்டிய பல்லின் பக்கச் சுவரை லேசாகச் சீவி, செட் ஏறும் திசைக்கு இணையாக்குவார்கள். செட்டைப் பல்லோடு பிடித்துவைக்கும் உலோகக் கொக்கியின் நுனி பிடிக்கும் இடத்தில் பல்லின் உள்வாங்கல் சுமார் 0.25 மில்லிமீட்டர் இருந்தால் போதும். இரண்டு மூன்று காகிதத் தாள்களின் தடிமன்தான் அது. அதற்கு மேல் போனால் வார்ப்புக் கொக்கி வளைய முடியாமல் பல்லை ஆட்டும், அல்லது தானே முறியும். கடைசியில்தான் ரெஸ்டுக்கான குழி. கடைவாய்ப் பல்லின் ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி, கரண்டியின் குழி போல, கூர்முனை இல்லாத முக்கோணமாக அது அமையும். விளிம்பில் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம். குழியின் தரை பல்லின் நடுவை நோக்கிச் சற்றே சரிய வேண்டும். அப்போதுதான் அழுத்தம் வேரின் நேர்கோட்டில் இறங்கும்.

நல்ல பல்லை எதற்காகச் செதுக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கேள்வி. இருக்கிற பற்களே குறைவு. அவற்றிலும் கை வைப்பதா என்ற பயம் இயல்புதான். ஆனால் இந்தச் செதுக்கல் பெரும்பாலும் எனாமல் என்ற மேல் ஓட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பலருக்கு மரத்துப்போகும் ஊசிகூடத் தேவைப்படுவதில்லை. செதுக்கிய இடத்தை மெருகேற்றி ஃபுளோரைடு பூசுவார்கள். அந்த இடத்தில் ஏற்கெனவே அடைப்பு இருந்தால் குழியை அதிலேயே அமைக்கலாம். மறுபுறம், செதுக்காமல் விட்டால் இழப்பது எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வேண்டும். இறங்கும் செட் ஈறை உரிக்கும். உரிந்த ஈறில் அழுக்கு சேரும். தவறான பக்கம் இழுக்கும் கொக்கி பல்லை ஆட்டும். ஒரு மில்லிமீட்டர் எனாமலைக் காக்கப் போய் முழுப் பல்லையே இழப்பதுதான் மிச்சம்.

பல் தயாரான பிறகுதான் இறுதி அச்சு. தயாராகும் முன் எடுத்த அச்சில் செய்த சட்டம், இப்போது இல்லாத ஒரு பல்லுக்குச் செய்ததாகிவிடும். அச்சுக்குப் பெரும்பாலும் பயன்படுவது அல்ஜினேட்; பழுப்புக் கடற்பாசியிலிருந்து வரும் தூள். முன்பு அகர் என்ற கடற்பாசிப் பொருளை நம்பியிருந்தார்கள். அது ஜப்பானிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் அந்த வரத்து நின்றதும் அல்ஜினேட் அதன் இடத்தைப் பிடித்தது. தூளும் தண்ணீரும் சரியான அளவில் கலந்து டிரேயில் நிரப்பி வாயில் வைத்தால் சில நிமிடங்களில் ரப்பர் போல் இறுகும். இறுகும் வேகம் தண்ணீரின் வெப்பத்தைப் பொறுத்தது. தானா ராத்தாவின் சராசரி வெப்பநிலையே 18 டிகிரி செல்சியஸ் அளவில்தான். குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்துக் கலந்தால், சமவெளிப் பழக்கத்தில் கணக்கிட்ட நேரத்தில் அல்ஜினேட் முழுதாக இறுகியிருக்காது. அவசரப்பட்டு எடுத்தால் அச்சு கோணிவிடும். தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் தீர்கிற சிக்கல் இது.

அச்சு எங்கே கெடும் என்பதற்கு ரெஸ்ட் குழியே நல்ல எடுத்துக்காட்டு. பல்லை உலர்த்தாமல் டிரேயை வைத்தால் குழிக்குள் ஒரு துளி எச்சிலோ காற்றுக் குமிழோ சிக்கிக்கொள்ளும். அல்ஜினேட் அடிவரை போகாது. அதில் கல் வார்த்தால் மாதிரியின் குழி மேடாக இருக்கும். லேபில் அந்த மேட்டின் மேல் சட்டம் கச்சிதமாக உட்காரும். வாயில் வைத்தால் ரெஸ்டுக்கும் பல்லுக்கும் நடுவே இடைவெளி. தாங்க வேண்டிய நாக்கு அந்தரத்தில் நிற்க, எடை திரும்பவும் ஈறின் மேல். தவிர்க்கும் முறை எளிது: பல்லை உலர்த்தி, டிரேயை ஏற்றும் முன் விரல் நுனியில் கொஞ்சம் அல்ஜினேட் எடுத்து ஒவ்வொரு குழியிலும் தேய்த்துவிடுவது. இறுகியதும் அசக்காமல் ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். மெதுவாக ஆட்டி எடுத்தால் கிழியும். எடுத்த அச்சைக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, 10 முதல் 15 நிமிடங்களுக்குள் கல் வார்த்துவிட வேண்டும். காற்றில் வைத்தால் நீர் வற்றிச் சுருங்கும். தண்ணீரில் போட்டால் உறிஞ்சி ஊதும். மலையில்தான் ஈரம் அதிகமாயிற்றே என்றால், நூறு சதவீத ஈரப்பதத்திலும் அல்ஜினேட் தானாக நீரைக் கசியவிடும். ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் லேபுக்குப் போக வேண்டியது அல்ஜினேட் அச்சு அல்ல. கிளினிக்கிலேயே வார்த்து முடித்த கல் மாதிரி.

கடைவாய்ப் பற்கள் கடைசி வரை போனவர்களுக்கு ஒரு சிக்கல் கூடுதல். பகுதியாகப் பல் இழந்த வாய்களைப் பல் மருத்துவர் எட்வர்ட் கென்னடி 1925-இல் வகுத்த பிரிவுகளில் முதல் இரண்டும் இவை. செட்டின் முன்பகுதியைப் பல் தாங்கும். பின்பகுதி ஈறின் மேல்தான். எனவே ஈறின் முழுப் பரப்பும் அச்சில் வர வேண்டும். தேவைப்பட்டால் சட்டத்தைச் செய்த பிறகு, ஈறுக்கு மட்டும் தனியே இன்னோர் அச்சு எடுத்து மாதிரியைத் திருத்துவார்கள். இப்போது வாய்க்குள் படம் பிடிக்கும் ஸ்கேனர் வந்துவிட்டதே, இந்த அச்செல்லாம் எதற்கு என்று கேட்கலாம். பல்லை ஸ்கேனர் நன்றாகவே பதிவு செய்கிறது. ஆனால் அமுங்கும் ஈறு அழுத்தத்தில் எப்படி நிற்கும் என்று அது பார்ப்பதில்லை. அதைவிட முக்கியம், குழி செதுக்காத பல்லை எந்த ஸ்கேனரும் குழியுள்ள பல்லாக்காது.

மிச்சமிருக்கும் வலுவான ஆட்சேபம் பணமும் நேரமும். நாள் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு முறை கிளினிக் போவதும் ஒரு நாள் கூலி. ஒரே தடவையில் அளவெடுத்துக் குறைந்த விலையில் செட் கட்டித் தருகிறேன் என்பவர் உதவிக்காரராகத்தான் தெரிவார். ஆனால் பதிவு பெறாதவர் இந்த வேலையைச் செய்வது மலேசியாவில் குற்றம். 1971 பல் மருத்துவச் சட்டம் அதைத் தெளிவாகச் சொன்னது; அதன் இடத்தில் வந்த 2018 சட்டமும் சொல்கிறது. அக்ரிலிக் செட்டே வாங்க முடியும் என்றாலும், பல்லைப் பார்த்து, கூர்முனையைச் சீவி, நல்ல அச்செடுத்துச் செய்தால் அதன் கெடுதல் குறையும். இன்னொன்றும் உண்டு. வெற்றிலை பாக்குப் பழக்கமுள்ள தோட்டத்து முதியவர்களுக்குப் பாக்கினால் வாயின் உள்தோல் இறுகி வாய் திறப்பது குறையலாம்; டிரே நுழைவதே கடினமாகும். 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கையும் புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது. செட்டுக்காக வாயைத் திறக்கும் நேரம், வாயில் உள்ள வெள்ளைத் திட்டையும் அந்த இறுகலையும் பயிற்சி பெற்ற கண் பார்க்கக் கிடைக்கும் நேரமும்கூட. ஒரே தடவைக்காரரிடம் அந்தக் கண் இல்லை.

ஆகவே வீட்டுப் பெரியவருக்குச் செட் கட்டப் போகிறவர்கள் பல் மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: அச்சுக்கு முன் எந்தப் பல்லைத் தயார் செய்வீர்கள்? ரெஸ்ட் எங்கே உட்காரும்? கல் இங்கேயே வார்ப்பீர்களா? இதற்குப் பதில் சொல்லும் கிளினிக்கில் இன்னொரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை. போடாமல் டப்பாவில் கிடக்கும் செட்டைவிட அது மலிவு.