குளிர்நீரில் குடியேறிய மீன்

விடியற்காலைப் பனி இன்னும் கலையவில்லை. தேயிலைச் சரிவுகளுக்கிடையே சலசலத்து ஓடும் ஓடையில், முழங்காலளவு நீரில் ஒருவர் நிற்கிறார். கையில் நீண்டு மெலிந்த தடி; அதிலிருந்து நூல் முன்னும் பின்னுமாகக் காற்றில் வளைந்து பறக்கிறது. தக்கையும் இல்லை, மண்புழுவும் இல்லை. நூலின் முனையில் இருப்பது இறகினாற் செய்த சின்னஞ்சிறு ஈ! அது நீர்மேல் அமர்ந்ததும் அடியிலிருந்து வெள்ளிக் கீற்றொன்று எழுகிறது. அதுதான் ட்ரவுட் மீன்.

நுவரெலியாப் பகுதியில் துரைமார் காலத்தில் வேரூன்றிய விளையாட்டு இது. நம் தோட்டத்துச் சிறுவர் கம்பும் தங்கூசியும் புழுவும் கொண்டு மீன்பிடிக்கும் முறைக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சாதாரணத் தூண்டிலில் இரையின் கனமோ ஈயக்குண்டின் கனமோ நூலை இழுத்துச் செல்லும். செயற்கை ஈக்கோ கனமே இல்லை. ஆகவே நூலையே கனமாகச் செய்து, அதன் வீச்சினால் ஈயைச் செலுத்துகின்றனர். முனையில் மட்டும் மீனின் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய இழையைக் கட்டுகின்றனர்.

ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, மிதந்து வரும் பூச்சிகளுக்காகக் காத்திருக்கும். எனவே அனுபவசாலி அதன் பின்புறமாக நின்று, மேல்நோக்கி வீசுவார். தம் நிழல் நீரில் விழாதபடியும் பார்த்துக்கொள்வார். நிழல் விழுந்தால் மீன் மறைந்துவிடும்! இந்த ஈக்களைக் கட்டுவதில் நம்மவர் நாட்டுப் பறவைக்கும் பங்குண்டு. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகு, மெழுகுத்துளி போன்ற புள்ளிகளால் மிளிர்வது. பிரித்தானியத் தூண்டிற்காரர் அதனைப் பெரிதும் விரும்பினர். அதனாலேயே அப்பறவைக்குத் தீங்கும் நேர்ந்தது.

ட்ரவுட் இம்மண்ணுக்குரியதன்று. 1880-களில் ஆங்கிலேயர் அதன் முட்டைகளைக் கப்பலில் தருவித்து, நுவரெலியா ஓடைகளில் குஞ்சுகளை விட்டனர். நானுஓயாவுக்கு ரயில் வந்து சேர்ந்ததே 1885-இல்தான். அத்தகைய நாளில், குளிர்ச்சி குன்றாமல் மீன்முட்டைகளை மலையுச்சிக்குக் கொண்டுவந்தார்கள் என்றால், அந்த ஆசையின் அளவை என்னென்பது! 1896-இல் அவர்களது மீன்பிடிக் கழகமும் தோன்றிற்று. முதலில் வந்த பழுப்பு ட்ரவுட் இங்கே இயல்பாகப் பெருகவில்லை. பின்னர் வந்த வானவில் ட்ரவுட்டே ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் நிலைத்தது. இலங்கையிலிருந்து அதன் முட்டைகள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரிக்கும் சென்றன. 1964-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின், இம்மலைகளிலிருந்து அதே நீலகிரிக்கு நம் உறவினர் பலரும் போய்ச் சேர்ந்தனர். மீனை வரவேற்க எத்தனை ஏற்பாடுகள்! மனிதருக்கோ பிறந்த மண்ணில் குடியுரிமையே பெரும் வழக்காகி நின்றது.

இந்த மீன் ஏன் உயர்ந்த மலையில் மட்டும் வாழ்கிறது? மாணவர்கள் சிந்திக்க வேண்டிய கேள்வி இது. குளிர்ந்த நீரில் பிராணவாயு மிகுதியாகக் கரையும். 10 பாகை வெப்பத்தில் ஒரு லீற்றர் நீரில் ஏறக்குறைய 11 மில்லிகிராம் கரையுமானால், 30 பாகையில் ஏறக்குறைய 7.5 மில்லிகிராம்தான் கரையும். ட்ரவுட்டுக்கோ பிராணவாயு மிகுதியாக வேண்டும். பெண்மீன் தன் வாலினால் கூழாங்கற்களிடையே பள்ளம் பறித்து முட்டையிடும். கற்களின் இடுக்கிலே தெளிந்த நீர் ஓடினால்தான் முட்டை பிழைக்கும். கரையோர மரங்களை வெட்டினால் வெயில் பட்டு நீர் சூடேறும்; மழையில் கரைந்து வரும் மண் கற்களை மூடிவிடும். அப்போது மீனுக்குப் புகலிடமில்லை.

ஆனால் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. ஹோர்ட்டன் சமவெளியின் குளிரோடைகளில் உலகில் வேறெங்கும் காணப்படாத ஒரு சிற்றிறால் வாழ்கிறது. விருந்தாளியாக வந்த ட்ரவுட் அவ்வீட்டுக்காரனையே இரையாக்கிவிடுமோ என்பது இயற்கை ஆர்வலரின் அச்சம். 1988-இல் தேசியப் பூங்காவான அச்சமவெளியில் காக்கப்பட வேண்டியது ஒருவரின் வேட்டை இன்பமன்று. அங்கேயே தோன்றிய உயிர்களின் வாழ்வே முதன்மையானது. புதிய ஓடைகளில் அயல்மீனை விடுவது நன்மையென்று இனிக் கருதுவதற்கில்லை.

எனினும் ட்ரவுட் நமக்கு ஓர் உண்மையை உணர்த்திவிட்டது. நீர் தெளிந்து, குளிர்ந்து, ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் அது வாழும். அந்த நீரைத்தான் கீழேயுள்ள லயங்களில் நம் தாய்மார் குடத்தில் ஏந்துகின்றனர். அதே நீர்தான் ஆறாகி வயல்களுக்கும் செல்கிறது. ஓடைக்கரையில் மருந்துத் தெளிப்பான்களைக் கழுவாதிருப்பதும், கரைமரங்களை வெட்டாதிருப்பதும் மீனுக்குச் செய்யும் தருமம் மட்டுமல்ல, நமக்கு நாமே செய்துகொள்ளும் காவலுமாகும்.

அடுத்த முறை ஓடைக்குச் செல்லும் தம்பி தங்கையரே, கல்லெறியுமுன் சற்றுக் குனிந்து நீரைப் பாருங்கள். அடியிலுள்ள கூழாங்கல் கண்ணுக்குத் தெரிகிறதா? தெரிந்தால் மகிழுங்கள், தெரியாவிட்டால், அதன் காரணத்தை உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.