இடப்புறமா, வலப்புறமா?

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டித் தெற்கே போனால், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து ஆரோவில்லுக்கு ஒரு பாதை பிரிகிறது. பாரிஸிலிருந்து நேற்று வந்த ஒருவர், வாடகை மோட்டார் சைக்கிளில் அந்த முனைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெரிய சாலையில் ஏறுமுன் பார்க்கிறார். எந்தப் பக்கம்? இடது பக்கம்! அவருடைய ஊரில் முதலில் வண்டி வருவது அங்கிருந்துதான். இங்கேயோ, உப்பு லாரி வலது பக்கத்திலிருந்து வருகிறது!

அவர் கவனக்குறைவானவர் அல்ல. எல்லாம் பழக்கம்! உழவரைக் கேளுங்கள். இடத்து மாட்டை வலத்தில் பூட்டினால் முரண்டு பிடிக்கும் என்பார்.

1968 பிப்ரவரி 28-ந் தேதி ஆரோவில் தொடங்கப்பட்டபோது, 124 நாடுகளின் மண்ணை ஒரே தாழியில் இட்டார்கள். மண் கலந்துவிட்டது. சாலைப் பழக்கம் அவ்வளவு சுலபமாகக் கலக்குமா? உலக மக்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினரே இடப்புறம் போகிறவர்கள்.

சாட்டையின் வேலை

இந்தப் பிரிவினை எப்படி வந்தது? வாள் பிடிக்கும் வலக்கை எதிரியின் பக்கம் இருக்கவேண்டும் என்று குதிரைவீரர்கள் இடப்புறம் சென்றார்களாம். இது வழக்கமாகச் சொல்லும் கதை. வண்டிக் கணக்கு இதைவிட நம்பும்படி இருக்கிறது. பிரான்சிலும் அமெரிக்காவிலும் பல ஜோடிக் குதிரைகள் பூட்டிய பெரிய பார வண்டிகள் ஓடின. வண்டிக்காரனுக்கு ஆசனம் கிடையாது. கடைசி ஜோடியின் இடது குதிரைமேல் உட்கார்ந்து, வலக்கையால் சாட்டை வீசுவான். எதிர் வண்டி தன் இடப்பக்கமாகப் போனால்தானே சக்கரங்கள் உரசாமல் பார்க்கமுடியும்? ஆகவே வலப்புறம் ஒதுங்கினான். பென்சில்வேனியாவில் 1792-ல் இதற்குச் சட்டமே வந்தது. பிரிட்டனோ 1835-ல் ‘இடப்புறமே’ என்று சட்டம் செய்தது. அதுவே இந்தியாவுக்கும் வந்தது. நம் மாட்டு வண்டிக்காரர் நடுவில் உட்காருகிறவர். அவரை யாரும் கேட்கவில்லை!

தமிழர்கள் வாழும் இரண்டு தீவுகளைப் பாருங்கள். மொரீஷியஸையும் ரீயூனியனையும் 1810-ல் ஆங்கிலேயர் பிடித்தனர். ரீயூனியனை மட்டும் பிரான்சுக்குத் திருப்பிக் கொடுத்தனர். இன்று இரண்டிலும் தைப்பூசக் காவடி எடுக்கிறார்கள். ஆனால் மொரீஷியஸ் காவடிக்காரரின் கார் இடப்புறம் ஓடும். ரீயூனியன்காரரின் கார் வலப்புறம் ஓடும்!

மாற்றவே முடியாதா? முடியும். ஸ்வீடனில் 1955-ல் வாக்கெடுப்பு நடத்தினார்கள். நூற்றுக்கு 83 பேர் ‘வேண்டாம்’ என்றார்கள். அப்படியும் 1967 செப்டம்பர் 3-ந் தேதி, ஞாயிறு விடியற்காலை 5 மணிக்கு, நாடு முழுவதும் வலப்புறம் மாறியது. பர்மா 1970-ல் மாறியது. சமோவா 2009-ல் வலத்திலிருந்து இடத்துக்கு வந்தது.

வெறும் சாலையில் ஆபத்து

ரவுண்டாணாவில் நம் வண்டிகள் கோயிலைச் சுற்றுவதுபோல் வலமாகவே சுற்றுகின்றன. பிரெஞ்சுக்காரர் அதை அப்பிரதட்சிணமாகச் சுற்றிப் பழகியவர். நெரிசலில் முன்னே போகிற வண்டியைப் பார்த்துச் சமாளித்துவிடுவார். ஆளற்ற சாலையில்தான் ஆபத்து! விடியற்காலையில் தனியாகத் திரும்பும்போது, கை தானாக வலப்புறம் இழுக்கும்.

லண்டனில், அயல்நாட்டார் பொருட்டு, தெருவைக் கடக்கும் இடங்களில் ‘வலப்புறம் பார்’ என்று காலடியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.