இரண்டு கையிலும் ஒரே நாளில்: ஹஜ் தடுப்பூசி முகாம், படிப்படியாக

ஹஜ் பயணத்துக்குப் பெயர் வந்ததும் வீட்டில் வேலைகள் வரிசை கட்டி நிற்கும். பணம் கட்டுவது, இஹ்ராம் துணி வாங்குவது, சொந்தபந்தங்களிடம் சொல்லிக்கொள்வது என்று நாள்கள் ஓடும்போது தடுப்பூசி முகாமுக்கும் ஒரு தேதி வரும். அன்று ஒரு கையில் மூளைக்காய்ச்சல் ஊசி, மறு கையில் ஃப்ளூ ஊசி, வாயில் இரண்டு சொட்டு போலியோ மருந்து. "எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா உடம்பு தாங்குமா?" என்று பெரியவர்கள் தயங்குவார்கள். தாங்கும். ஒரே நாளில் முடிப்பதே நல்லது என்பதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

1987 ஹஜ்ஜின்போது ஏ வகைக் கிருமியால் மூளைக்காய்ச்சல் பரவியது. அதன் பிறகுதான் இந்தத் தடுப்பூசி கட்டாயமானது. 2000, 2001ஆம் ஆண்டுகளில் டபிள்யூ135 என்ற வேறொரு வகை தாக்கியது. ஊர் திரும்பியவர்களோடு, அவர்கள் வீட்டில் இருந்தவர்களுக்கும் நோய் வந்தது. 2002 முதல் ஏ, சி, டபிள்யூ, ஒய் ஆகிய நான்கு வகைகளையும் தடுக்கும் ஊசியை சவூதி அரசு கேட்கிறது. மினா கூடாரங்களில் நெருக்கியடித்துத் தங்கும்போது ஃப்ளூவும் எளிதாகத் தொற்றும். 65 வயதைக் கடந்தவர்களுக்கும், சர்க்கரை, இதய, நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் அது நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம்.

1. தேதியைத் தள்ளாதீர்கள். மூளைக்காய்ச்சல் ஊசியை சவூதியில் இறங்குவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட்டிருக்க வேண்டும். ஃப்ளூ ஊசி முழுப் பலன் தர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். ஒன்றை இன்று போட்டு மற்றதை அடுத்த வாரத்துக்குத் தள்ளினால் இந்தக் கணக்கு இடிக்கும். கிராமத்திலிருந்து பஸ் மாறி வரும் முதியவர் இரண்டாவது முறை வராமலே போய்விடவும் கூடும்.

2. கிளம்பும் முன். சாப்பிட்டுவிட்டு, வழக்கமான சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு வாருங்கள். பாஸ்போர்ட் நகல், மாத்திரைச் சீட்டு, பழைய தடுப்பூசி அட்டை கையில் இருக்கட்டும். மூளைக்காய்ச்சல் ஊசி அதன் வகையைப் பொறுத்து 3 அல்லது 5 ஆண்டு செல்லும். ஃப்ளூ ஊசியின் கலவை ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்யப்படுகிறது. போன வருடம் போட்டிருந்தாலும் இந்த வருடமும் போட வேண்டும். தோள்வரை எளிதில் ஏற்றக்கூடிய சட்டை நல்லது. பெண்கள் மறைவிடமும் பெண் செவிலியரும் வேண்டுமென்று தயங்காமல் கேட்கலாம்.

3. டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இன்று காய்ச்சல் இருக்கிறதா, முன்பு எந்த ஊசிக்காவது மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்ததா, ஃப்ளூ ஊசிக்குப் பின் கை கால் செயலிழந்ததுண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, கர்ப்பமா? டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைத்த கை, மார்பகப் புற்றுநோய்க்கு நெறிகட்டி எடுத்த பக்கத்துக் கை, இவற்றில் ஊசி போடக் கூடாது. அப்படிப்பட்டவர்களுக்கு இரண்டையும் மறு கையிலேயே, ஓர் அங்குலமாவது இடைவெளி விட்டுப் போடுவார்கள்.

4. ஊசி போடும் நேரம். மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கப்பட்டிருக்கும். சில மூளைக்காய்ச்சல் மருந்துகள் தூளாக வரும். அதனுடன் வந்த திரவத்தை விட்டு, குப்பியைச் சுழற்றி, கட்டியில்லாமல் கரைத்த பிறகே சிரிஞ்சில் ஏற்றுவார்கள். ஃப்ளூ மருந்துக்குத் தனி சிரிஞ்ச், தனி ஊசி. இரண்டையும் ஒன்றாகக் கலப்பதே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தளரத் தொங்கவிடுங்கள். தோள் எலும்புக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே ஊசி இறங்கும். தேய்க்க வேண்டாம், பஞ்சை வைத்து அழுத்தினால் போதும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு நிமிடமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும்.

இரண்டு ஊசியிலுமே உயிருள்ள கிருமி கிடையாது. ஒன்று மற்றொன்றின் வேலையைக் கெடுப்பதும் இல்லை. நாம் தினமும் மூச்சிலும் சாப்பாட்டிலும் எத்தனையோ கிருமிகளைச் சந்திக்கிறோம். அவற்றோடு பார்த்தால் இது உடம்புக்குச் சின்ன வேலைதான்.

5. அட்டையைச் சரிபாருங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், தேதி, மருந்தின் தொகுதி எண், முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். எந்தக் கையில் எந்த மருந்து என்பதையும் எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு ஒரு கை வீங்கினால் எந்த மருந்தால் என்று டாக்டருக்கு உடனே தெரியும். அட்டையைப் போனில் படம் எடுத்துவிட்டு, கைப்பையில் வையுங்கள்; விமானத்தில் போடும் பெட்டிக்குள் வேண்டாம்.

6. அரை மணி நேரம் காத்திருங்கள். கடுமையான ஒவ்வாமை மிக அபூர்வம். வந்தாலும் பெரும்பாலும் இந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும். அட்ரினலின் ஊசியோடு ஆட்கள் அருகிலேயே இருப்பார்கள். கை வலி, அசதி, லேசான காய்ச்சல் ஓரிரு நாள் இருக்கலாம். ஈரத்துணி ஒத்தடமும், டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமாலும் போதும். மூச்சுத்திணறலோ, உடம்பெல்லாம் தடிப்போ, இறங்காத காய்ச்சலோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அத்தா, அம்மாவை முகாமுக்குக் கூட்டி வரும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். "பாவம், வயசானவங்க, ஒண்ணு மட்டும் போடுங்க" என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். வயதானவர்களுக்குத்தான் இரண்டும் அவசியம். அவர்களுக்காக அன்று நீங்கள் செய்யக்கூடிய நல்ல காரியம், டாக்டர் தகுதி என்று சொன்ன எல்லா மருந்தையும் போட்டு முடித்து, அட்டையோடு அவர்களை வீட்டுக்கு அழைத்துப் போவதுதான்.