பட்டனை அழுத்தினால் பேச்சே இல்லை!

விடியற்காலை 4 மணி. வீட்டில் ஒருவருக்கு வயிற்று வலி. காரில் ஏறிப் பட்டனை அழுத்துகிறீர்கள். சத்தம் இல்லை. விளக்கும் இல்லை!

வலி கடுமை என்றால் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். காரைப் பிறகு பார்க்கலாம்.

ஹாரன் அடித்துப் பாருங்கள். உள்விளக்கைப் போடுங்கள். இரண்டும் வேலை செய்யாவிட்டால், குற்றவாளி பெரும்பாலும் பேட்டரிதான்.

பட்டன் கார் என்றதும் மாய மந்திரம் என்று நினைக்க வேண்டாம். ஒரு காலத்தில் காரின் மூக்கில் இரும்புக் கம்பியைச் சொருகிச் சுற்றினார்கள். கம்பி திருப்பி அடித்துக் கை ஒடிந்தவர்கள் உண்டு. 1912-ல் அமெரிக்காவின் காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. செய்தவர் சார்லஸ் கெட்டரிங். இன்றைய பட்டன் காரிலும் பேட்டரி உயிரோடு இருந்தால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும்.

நல்ல 12 வோல்ட் பேட்டரி, கார் சும்மா நிற்கும்போது ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே போனால் தீர்ந்துவிட்டது என்று பொருள். பேட்டரியின் முனைகளையும் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா? கவ்வி ஆடுகிறதா? பல நேரம் கோளாறு அவ்வளவுதான்! இதைப் பார்க்காமல் புதுப் பேட்டரி வாங்குவது வீண் செலவு.

சாவி எங்கே?

விளக்கு எரிகிறது; ஆனால் "சாவி இல்லை" என்று கார் சொல்கிறது. சாவியோ உங்கள் பையில்! அதற்குள் காசு போன்ற 3 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. அது தீர்ந்திருக்கும். சாவியைப் பட்டனோடு ஒட்டி வைத்து அழுத்துங்கள். பல கார்கள் புறப்பட்டுவிடும். சாவியில் உள்ள சிப், காரிடமே சக்தி வாங்கிப் பதில் சொல்கிறது. சில கார்களில் சாவியை வைக்க வேறு இடம் இருக்கும். காரோடு வந்த புத்தகத்தில் பார்க்கலாம்.

தாய்மார்களே, கழற்றிய காசு பேட்டரியைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக் குழாயை அரித்துவிடும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சிவப்பு விளக்கு

எனக்கு நேர்ந்தது வேறு. விளக்கு எரிந்தது. சாவியும் சரி. என் கார் ஆட்டோமாட்டிக். பிரேக்கை மிதித்தால்தான் எஞ்சின் புறப்படும். மிதித்தேன், அழுத்தினேன். ஊஹூம்! ஸ்டீரிங் பூட்டிக்கொண்டதோ என்று இப்படியும் அப்படியும் ஆட்டினேன். பயன் இல்லை.

பின்னால் நின்ற என் பையன் கத்தினான்: "அப்பா, சிவப்பு விளக்கு எரியவே இல்லை!"

பிரேக் மிதிக்கு மேலே ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது. அது கெட்டால் பிரேக் விளக்கு எரியாது. நாம் மிதிப்பது காருக்கும் தெரியாது! பியூஸ் போனாலும் இதே கதைதான். மெக்கானிக் பியூஸைப் பார்த்தார், நன்றாக இருந்தது. சுவிட்சை மாற்றினார். கார் புறப்பட்டது.

"கண்டுபிடித்தது நான்தானே?" என்றான் பையன். அன்று மாலை அவனுக்கு ஐஸ்கிரீம்!