‘டேங்க் தெரியுதுல்ல... அதுக்கு எதிர் சந்து!’

வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கல்யாண வீட்டுக்கு வழி கேட்டுப் பாருங்கள். தெருப் பெயர் வராது. கதவு எண் நிச்சயம் வராது. “நேரா வாங்க, டேங்க் தெரியும். அதுக்கு எதிர் சந்து” என்பார்கள். கையில் கூகுள் மேப் வந்த பிறகும் இந்தப் பதில் மாறவில்லை. வயல்வெளியைத் தாண்டித் தூரத்திலிருந்தே தெரிகிற அந்தச் சிமென்ட் தலையை நம்பித்தான் பந்தல்காரர் வருகிறார், சிலிண்டர் வண்டி வருகிறது, வெளியூர் சம்பந்தி வீட்டார் வேனில் வருகிறார்கள்.

அரசாங்கக் கோப்பில் அதற்குப் பெயர் ‘மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி’. ஊர்வாயில் ‘டேங்க்’, அவ்வளவுதான்.

சாயங்காலம் ஆனால் டேங்க் அடியில் நிழல் நீளும். வயதானவர்கள் துண்டை உதறிப்போட்டு உட்கார்வார்கள். பையன்களுக்கு ஒரு தூண் ஸ்டம்ப். பந்து இன்னொரு தூணில் பட்டால் அவுட்டா இல்லையா என்ற சண்டைக்கு மட்டும் எந்த ஊரிலும் தீர்ப்பு இல்லை. கோயில் திருவிழா என்றால் குழாய் ஒலிபெருக்கி கட்டவும், சாவு விழுந்தால் ‘கண்ணீர் அஞ்சலி’ பேனர் வைக்கவும், தேர்தல் வந்தால் கொடி நடவும் அந்த இடம்தான் வசதி.

இந்த இரண்டு கொம்யூன்களும் சமதரை. வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணி ஆறு ஓடுகிறது. பாகூருக்குத் தெற்கே தென்பெண்ணை. மலை கிடையாது, குன்று கிடையாது. அந்தக் காலத்தில் வில்லியனூரில் தலை நிமிர்ந்து பார்க்க திருக்காமீசுவரர் கோயில் கோபுரமும் லூர்து மாதா ஆலயமும்தான். பாகூரில் சோழர் காலத்து மூலநாதர் கோயில். இவற்றுக்குப் பிறகு கிராமங்களில் உயரமாக எழுந்தது தண்ணீர்த் தொட்டிதான். கோபுரத்தைக் கட்ட ராஜா வேண்டியிருந்தது. இதைக் கட்டியது பொதுப்பணித்துறை என்பதால், நாம் இதை யாரிடமும் பெருமையாகக் காட்டுவதில்லை.

அந்த உயரம் எதற்கு? தண்ணீர் தானாகக் கீழே இறங்கும், மேலே ஏறாது. இந்த ஒரு குணத்தை வைத்துத்தான் மொத்த ஏற்பாடும் நடக்கிறது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டார் ஒருமுறை தண்ணீரை மேலே தள்ளிவிட்டால் போதும். பிறகு கரன்ட் போனாலும் குழாயில் தண்ணீர் வரும். 10 மீட்டர் உயரத்துக்குத் தோராயமாக ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் கிடைக்கிறது. டேங்க்குக்குப் பக்கத்து வீட்டில் குழாய் சீறும், ஊர்க்கோடியில் நூலாக ஒழுகும். கோடி வீட்டுப் பெண்களுக்கும் வால்வு திறப்பவருக்கும் தீராத வழக்கு இதனால்தான்.

1 லட்சம் லிட்டர் கொள்ளும் தொட்டி என்றால் தண்ணீரின் எடை மட்டும் 100 டன். மறைந்த மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமியைப் போல சுமார் 30 யானைகளைச் சில தூண்கள் ராத்திரி பகலாகச் சுமந்துகொண்டு நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்ற ஜல் ஜீவன் திட்டக் கணக்குப்படி, அந்தத் தண்ணீர் ஏறக்குறைய 1,800 பேருக்கு ஒரு நாள் காணும்.

சின்னத்தில் இருக்கும் தண்ணீர்க் கதை

புதுச்சேரிக்காரர்களுக்குத் தண்ணீரைக் கொண்டாடுவது புதிதல்ல. புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பது ஆயி மண்டபம். பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் அந்த வெள்ளை மண்டபம், போரில் ஜெயித்த தளபதிக்குக் கட்டியதில்லை. குடிதண்ணீர் வந்ததற்குக் கட்டியது.

கதை இப்படிப் போகும். முத்திரையர்பாளையம் பக்கமாக வந்த விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர், விளக்கொளியில் ஜொலித்த ஒரு மாளிகையைக் கோயில் என்று எண்ணிக் கைகூப்பினாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபம். இடிக்கச் சொல்லி உத்தரவு. “நானே இடித்துவிடுகிறேன்” என்று கேட்டுக்கொண்ட ஆயி, வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள் என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் நகரத்துக்கு நல்ல தண்ணீர் தேவைப்பட்டபோது, பிரெஞ்சுக்காரர்கள் முத்திரையர்பாளையத்திலிருந்துதான் கொண்டுவந்தார்கள். ஆயியின் கதை மூன்றாம் நெப்போலியன் காதுக்குப் போய், அவர் மனம் நெகிழ்ந்து மண்டபம் எழுப்பச் சொன்னார் என்பது கதையின் இரண்டாம் பாகம். எவ்வளவு சரித்திரம், எவ்வளவு கற்பனை என்பதைப் பேராசிரியர்கள் பார்த்துக்கொள்ளட்டும். கோபப்பட்ட ராஜாவுக்கு இந்தக் கதையால் புதுச்சேரியில் சிலை எதுவும் கிடைக்கவில்லை, ஆயிக்கு மண்டபம் கிடைத்தது.

முத்திரையர்பாளையம் மேடு, நகரம் பள்ளம். அதனால் தண்ணீர் தானாக நகரத்துக்கு இறங்கிவந்தது. வில்லியனூர், பாகூர் கிராமங்களுக்கு அப்படி ஒரு மேடு வாய்க்கவில்லை. அதனால் மேட்டைத் தூண் மேல் கட்டி வைத்தார்கள். அதுதான் டேங்க்.

இதைக் கேட்டு, சும்மா இருக்கிற தொட்டிக்கு இவ்வளவு பில்டப்பா என்று சிரிப்பவர்கள் குவைத்தில் வேலை பார்த்தவர்களைக் கேட்கலாம். அந்த நாட்டின் அடையாளமாக, 1979இல் திறக்கப்பட்ட குவைத் டவர்ஸ் முன்னால் நின்று போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பாதவர்கள் குறைவு. நீல நிறத்தில் மின்னும் அந்த உருண்டைகளுக்குள் இருப்பது தண்ணீர்தான்!

சினிமாவும் டேங்க்கை விடவில்லை. 1975இல் வந்த ‘ஷோலே’யில் தர்மேந்திரா கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டு ஏறி நின்றது தண்ணீர்த் தொட்டி மேல்தான். நம் ஊரில் வேலை கேட்டும் சம்பள பாக்கி கேட்டும் ஏறுகிறார்கள். ‘குடிநீர்த் தொட்டி மீது ஏறிப் போராட்டம்’ என்ற தலைப்பு புதுச்சேரிச் செய்தி படிப்பவர்களுக்குப் பழகிப்போனது. கீழே நின்று கேட்டால் காதில் விழாத அதிகாரிகளுக்கு, மேலே நின்று கேட்டால் உடனே விழுகிறது.

ஏணியும் மூடியும்

ஆனால், யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்பது சிரிக்கிற விஷயமல்ல. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியலின மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலந்தது தெரியவந்தது. நாடே அதிர்ந்தது. ஊரே வாய்வைத்துக் குடிக்கும் பாத்திரம் அது. அதன் மூடிக்கு ஒரு பூட்டு, ஏணிக்கு ஒரு கதவு, அவற்றுக்கு ஒரு சாவி, சாவிக்குப் பொறுப்பாக ஓர் ஆள். இவை நான்கும் இருக்கின்றனவா என்று ஒவ்வோர் ஊரும் கேட்க வேண்டும்.

யாரைக் கேட்பது என்பதில்தான் புதுச்சேரிக் கிராமங்களுக்குச் சிக்கல். தமிழ்நாட்டில் பஞ்சாயத்துத் தலைவரைப் பிடிக்கலாம். இங்கே உள்ளாட்சித் தேர்தல் 2006இல், அதுவும் 38 வருடங்கள் கழித்து நடந்தது. அப்போது ஜெயித்தவர்களின் காலம் 2011இல் முடிந்தது. அதற்குப் பிறகு வருடக்கணக்காக வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இல்லை. டேங்க் ஒழுகினால் எம்.எல்.ஏ. வீட்டு வாசலுக்கோ, கொம்யூன் அலுவலகத்துக்கோ, பொதுப்பணித்துறைக்கோ நடக்க வேண்டும். தெருவிலேயே குடியிருக்கிற ஒருவரிடம் சொல்வதும் இதுவும் ஒன்றாகுமா?

2021இல், கிராமத்து வீடுகள் அத்தனைக்கும் குழாய் இணைப்பு கொடுத்தாகிவிட்டது என்று அறிவித்த முதல் சில மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் புதுச்சேரியும் ஒன்று. உண்மையிலேயே பெரிய காரியம். தெருக்குழாயில் குடம் வரிசை வைத்து, அந்த வரிசைக்காகவே சண்டை போட்ட தலைமுறைக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் குழாய்க்குப் பின்னால் இருக்கிற டேங்க்குக்கு வயதாகிறது. கடல் காற்றின் உப்பு சிமென்ட்டுக்குள் இறங்கி, உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடித்து ஊதுகிறது. ஊதியதும் காரை பெயர்ந்து விழுகிறது. தூணில் கம்பி வெளியே தெரிந்தால், அதன் அடியில் பிள்ளைகள் விளையாடுவதை அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும். ரசிக்கிற விஷயம் வேறு, பாதுகாப்பு வேறு.

கம்பியைவிடப் பெரிய கவலை பூமிக்கு அடியில் இருக்கிறது. இந்தப் பகுதியின் குடிநீர் நிலத்தடியை நம்பியே இருக்கிறது. பாகூர் கொம்யூனில் கடலோரம் உள்ள ஊர்களில் உறிஞ்ச உறிஞ்ச உப்புநீர் உள்ளே வருகிறது. நிலத்தடிக்கு ஊட்டம் கொடுப்பவை ஏரிகள்தான். வில்லியனூர்ப் பக்கம் ஊசுட்டேரி, தெற்கே பாகூர் ஏரி. சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வரும் தென்பெண்ணைத் தண்ணீரில் பாகூர் ஏரி நிரம்பினால், சுற்றியுள்ள கிணறுகளில் ஊற்று ஏறும். வாய்க்கால் தூர்ந்தால் அந்த வருடம் டேங்க்குக்குப் போகும் மோட்டார் இன்னும் ஆழத்தைத் தேடும்.

இதற்குள் பல வீடுகளில் 20 லிட்டர் கேன் வந்துவிட்டது, மொட்டை மாடியில் கறுப்பு சின்டெக்ஸும் வந்துவிட்டது. ‘டேங்க் தண்ணி துணி துவைக்க’ என்று ஒதுக்கிவிட்டார்கள். முறையாகக் குளோரின் கலந்து, குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருந்தால், கிருமி பயம் இல்லாமல் குடிக்கலாம். உப்புக் கரித்தால் அது வேறு பிரச்னை, புகார் கொடுக்க வேண்டிய பிரச்னை.

பல ஊர்களில் தொட்டியின் மேலேயே பெயின்ட்டில் எழுதியிருப்பார்கள்: கொள்ளளவு எவ்வளவு, கடைசியாகச் சுத்தம் செய்த தேதி, அடுத்து சுத்தம் செய்ய வேண்டிய தேதி. உங்கள் ஊர் டேங்க்கில் அந்தத் தேதி என்னவென்று இன்று சாயங்காலம் பாருங்கள். போன வருடத்துத் தேதியாக இருந்தால், போட்டோ எடுத்துக்கொண்டு கொம்யூன் அலுவலகத்துக்குப் போங்கள். வழி தெரியாவிட்டால், அங்கேயும் பக்கத்தில் ஒரு டேங்க் இருக்கும்.