ஆங்கில உறவுத்தொடர்களில் வினைநோக்குச் செயப்பாட்டு அமைப்பும் தமிழ்ப் பெயரெச்சமும்: ஆட்சித்தமிழை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலச் சட்ட வாசகங்களில் பெயரை விளக்க வரும் உறவுத்தொடர்களில் ‘மஸ்ட் பி’, ‘மே பி’, ‘கேன் பி’, ‘ஷல் பி’ என்னும் வினைநோக்குச் சொற்களோடு கூடிய செயப்பாட்டு அமைப்பு மிகுதியாகப் பயில்கிறது. அதனைத் தமிழில் தரும்போது ‘படு’ என்னும் துணைவினை எங்குத் தேவை, எங்கு மிகை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தென்னேரிப் பகுதி வழக்கும், உத்திரமேரூர்ச் சாசனம் உள்ளிட்ட பழைய ஆவணங்களின் மொழியும் சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: பெயரெச்சம், செயப்பாட்டுவினை, வினைநோக்கு, ஆட்சித்தமிழ், உத்திரமேரூர், மொழிபெயர்ப்பு.

முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டத் தென்னேரி இக்கட்டுரையாளரின் ஊர். சில ஆண்டுகளுக்கு முன் நிலம் தொடர்பாக ஓர் அலுவலகத்திலிருந்து அங்கு வந்த அறிவிப்பில், குறிப்பிட்ட புல எண்களைச் சுட்டி, ‘விசாரிக்க வேண்டிய நபர்கள் நேரில் வரவும்’ என்று எழுதப்பட்டிருந்தது. அண்டை வீட்டுப் பெரியவர் அதனைப் படிக்கக் கேட்டுவிட்டு, தமக்கு விசாரிப்பதற்கு ஒன்றுமில்லை என்று இருந்துவிட்டார். அலுவலகம் கருதியதோ அவரை விசாரிக்க வேண்டும் என்பதை. வராதவர் எனப் பதிவாகிய பின், மறுபடி ஒரு நாள் பெறுவதற்கு அவர் ஓராண்டுக்கு மேல் அலைய நேர்ந்தது. இதே வாசகம் ஆங்கிலத்தில் ‘பர்சன்ஸ் ஹூ ஆர் டு பி எக்ஸாமின்ட்’ என்று அமையும். அங்கு இந்த ஐயத்திற்கு இடமில்லை. இவ்வேறுபாட்டின் காரணத்தை இலக்கண நிலையில் தேடுவதே இக்கட்டுரையின் தோற்றுவாய்.

ஆங்கிலத்தில் செயப்பாட்டின் பணி

‘தி ஃபீ தட் மஸ்ட் பி பெய்ட்’ என்பதை எடுத்துக்கொள்வோம். செலுத்த வேண்டிய கட்டணம் என்பது பொருள். இதையே ‘தி ஃபீ தட் யூ மஸ்ட் பே’ எனச் செய்வினையிலும் சொல்லலாம். ஆனால் அப்போது ‘யூ’ என்னும் எழுவாயை உள்ளே வைத்தாக வேண்டும். அதனை நீக்கி ‘தி ஃபீ தட் மஸ்ட் பே’ என்றால், கட்டணமே எதையோ செலுத்த வேண்டும் என்றாகிவிடும். ஆங்கிலத்தில் முற்றுவினை கொண்ட தொடருக்கு எழுவாய் இன்றியமையாதது. செய்பவர் இன்னார் என்று சொல்ல விருப்பமில்லாதபோது, செயப்படுபொருளை எழுவாயின் இடத்திற்கு உயர்த்தியே தொடரை முடிக்க இயலும். சட்டமும் அலுவலகமும் பெரும்பாலும் செய்பவரைச் சொல்ல விரும்புவதில்லை. ஆகவே அவ்வாசகங்களில் இவ்வமைப்பு பெருகுகிறது.

உலக மொழிகளின் உறவுத்தொடர்களை ஒப்பிட்டுக் கீனன், காம்ரி ஆகிய இருவரும் 1977இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. மலகாசி போன்ற மொழிகளில் எழுவாயை மட்டுமே உறவுத்தொடரால் விளக்க இயலும். ஆதலின் செயப்படுபொருளை விளக்க, முதலில் அதனை எழுவாயாக்க வேண்டியுள்ளது. ஆங்கிலத்திற்கு அக்கட்டாயம் இல்லை. அதன் செயப்பாடு செய்பவரை மறைப்பதற்கே வருகிறது.

‘தி ஃபீ டு பி பெய்ட்’ எனும் சுருங்கிய வடிவில் வினைநோக்குச் சொல்லும் மறைந்துவிடுகிறது. கடமையா, திட்டமா, இயலுமையா என்பதைச் சூழலே சொல்ல வேண்டும். சுருக்கத்திற்கு ஆங்கிலம் தரும் விலை இது.

பெயரெச்சத்தின் இயல்பு

தமிழ்ப் பெயரெச்சம் கொண்டு முடியும் பெயர்களை இடம், செயப்படுபொருள், காலம், கருவி, வினைமுதல், வினை என ஆறாகத் தொல்காப்பிய வினையியல் வகுத்துள்ளது. இவ்வகைப்பாட்டின் ஆழம் ஆங்கிலத்தோடு ஒப்பிடும்போதே புலனாகிறது. தென்னேரி ஏரியைத் தூர்வாரும் பணியை வைத்துச் சில தொடர்களை அமைக்கலாம்: மண் எடுக்க வேண்டிய இடம், எடுக்க வேண்டிய மண், மண் எடுக்க வேண்டிய மாதம், மண் எடுக்க வேண்டிய இயந்திரம், மண் எடுக்க வேண்டிய ஒப்பந்ததாரர். வினைவடிவம் எங்கும் மாறவில்லை. ஆங்கிலத்திலோ இடத்திற்கு ‘ஃப்ரம் விச்’, காலத்திற்கு ‘இன் விச்’, கருவிக்கு ‘வித் விச்’ என முன்னிடைச்சொற்கள் மாறுகின்றன. செய்பவரைச் சொல்லாவிடின் ஒப்பந்ததாரர் தவிர்ந்த மற்றெல்லாவற்றிற்கும் செயப்பாடும் தேவைப்படுகிறது.

தமிழில் செய்பவரை மறைக்கத் தனி வடிவம் வேண்டியதில்லை. சொல்லாமல் விட்டாலே போதும். எனவே ‘செலுத்தப்பட வேண்டிய கட்டணம்’, ‘பின்பற்றப்பட வேண்டிய விதிகள்’, ‘தூர்வாரப்பட வேண்டிய ஏரி’ ஆகியவற்றில் ‘படு’ எப்பணியும் செய்யவில்லை. கட்டணம் தானே செலுத்தாது; ஏரி தானே தூர்வாராது. தென்னேரிப் பேச்சுவழக்கில் ‘கட்ட வேண்டிய பணம்’ உண்டு. ‘கட்டப்பட வேண்டிய பணம்’ இல்லை.

இதனால் ‘படு’ தமிழுக்கு அயலானது என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. திராவிட மொழிகளுக்குச் செயப்பாட்டுவினை இயல்பானதன்று என்னும் கருத்தைக் கால்டுவெல் 1856இலேயே முன்வைத்தார். ஆயினும் தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவிலேயே ‘எனப்படுப’ என்னும் வடிவம் இடம்பெற்றிருப்பதை மறத்தற்கில்லை. ‘படு’வை எங்குக் கண்டாலும் ஆங்கிலத்தின் நிழல் என்று களையும் போக்கு, இன்றைய நடைக் கையேடுகள் சிலவற்றில் அளவு கடந்துள்ளது என்பது கட்டுரையாளரின் கருத்து. அது தேவைப்படும் ஓரிடம் உண்டு.

‘படு’ தேவைப்படும் இடம்

பெயரெச்சத்தைக் கொள்ளும் பெயர் அவ்வினையைத் தானும் செய்யவல்லதாக இருக்கும்போது, வினைமுதலா செயப்படுபொருளா என்னும் ஐயம் எழுகிறது. ‘தேர்ந்தெடுக்க வேண்டிய உறுப்பினர்’, ‘விசாரிக்க வேண்டிய அலுவலர்’, ‘பரிசோதிக்க வேண்டிய மருத்துவர்’ ஆகியன இருபொருள்படும். ‘விசாரிக்கப்பட வேண்டிய அலுவலர்’ என்றால் ஐயம் நீங்குகிறது. பெரும்பாலும் உயர்திணைப் பெயர்களே இவ்வாறு வருவன. ஆகவே அஃறிணைப் பொருளுக்குப் ‘படு’வை விடுத்து, செய்யவும் செய்யப்படவும் வல்ல உயர்திணைக்கு அதனை இடுதல் ஆட்சித்தமிழுக்கு ஏற்ற நெறியாகும். நடைமுறையில் இது தலைகீழாக உள்ளது. கட்டணத்திற்குப் ‘படு’ வருகிறது; பெரியவரை அழைத்த அறிவிப்பில் வரவில்லை.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ள முதற் பராந்தகன் காலத்துச் சாசனங்கள் (கி.பி. 919, 921) இச்சிக்கலை வேறுவகையில் கடந்துள்ளன. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழியே வாரியங்களுக்கு ஆள் தேர்வதற்கான விதிகள் அவற்றில் உள்ளன. ஏரி வாரியத்திற்கு அறுவர். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். இவ்விலக்கை இன்று ‘பெயர் எழுதக் கூடாதவர்’ என்று சுருக்கினால், பிறர் பெயரைத் தாம் எழுதக் கூடாதவரா, தம் பெயர் எழுதப்படக் கூடாதவரா என்ற ஐயம் எழும். சாசனம் விலக்கப்படுவோரை முதலில் அடுக்கிச் சொல்லி, விலக்கைத் தனி முடிபாகப் பின்னர் வைக்கிறது. பெயரெச்சத்தின் மேல் முழுச் சுமையையும் ஏற்றவில்லை.

இசைவைக் குறிக்கும் பெயரெச்சம்

மேற்கண்டதைவிடக் கடினமான சிக்கல் ‘மே பி’ என்பதில் உள்ளது. தமிழில் இசைவைக் குறிப்பது ‘-லாம்’. எடுக்கலாம், செலுத்தலாம் என முற்றாக வரும் இதற்கு இன்றைய ஆட்சித்தமிழில் பெயரெச்சம் இல்லை. ‘எடுக்கலாகும்’ என்னும் விரிந்த வடிவம் வழக்கிழந்தது. அதன் எதிர்மறையான ‘எடுக்கலாகாத’ மட்டும் இலக்கிய நடையில் எஞ்சியுள்ளது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் ‘கூடிய’ என்பதை நாடுகின்றனர். அது இயலுமையையும் நிகழக்கூடுமையையும் குறிப்பது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஏரிகளிலிருந்து வண்டல் மண் எடுப்பதற்கான அனுமதி, தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959இன்கீழ் வழங்கப்படுகிறது. ‘ஏரியிலிருந்து எடுக்கக்கூடிய மண்ணின் அளவு’ என்று ஓர் ஆவணம் சொன்னால், அங்குக் கிடைக்கும் அளவா, அனுமதிக்கப்பட்ட அளவா? முன்னது ஏரியின் ஆழத்தைப் பற்றியது. பின்னது சட்டத்தைப் பற்றியது. ஆங்கில ‘மே’ என்பதும் இசைவு, நிகழக்கூடுமை இரண்டையும் தாங்குவதால், இதில் தமிழை மட்டும் குறைகூற இயலாது. எனினும் ஆங்கிலத்தில் ‘கேன் பி’, ‘மே பி’ எனப் பிரித்துக் காட்ட வழியேனும் உண்டு.

எதிர்மறையில் நிலைமை மேலும் வியப்புக்குரியது. ‘கூடிய’ இயலுமையைக் குறிக்க, அதன் எதிர்மறையாகிய ‘கூடாத’ இயலாமையைக் குறிக்காமல் தடையைக் குறிக்கிறது. எடுக்கக்கூடாத மண் என்பது தடுக்கப்பட்ட மண். இயலாமைக்கு ‘எடுக்க முடியாத’ என வேறு சொல் வேண்டும். அவ்வாறே ‘வேண்டிய’ கடமையைக் குறிக்க, ‘வேண்டாத’ என்பது தேவையற்றதைக் குறிக்கிறது. எனவே ‘மஸ்ட் நாட் பி’ என்பதற்கு ‘வேண்டாத’ எனத் தருவது பிழை; ‘கூடாத’ என்பதே சரி.

பழைய ஆவணங்களில் இசைவுக்கென ஒரு துணைவினை இருந்தது. பல்லவர், சோழர் செப்பேடுகளின் பரிகாரப் பகுதிகளில் ‘ஏறப்பெறார்’, ‘எடுக்கப்பெறுவது’ போன்ற வடிவங்கள் வருகின்றன. முன்னது மரம் ஏற உரிமையில்லாதவரைக் குறிப்பது. பின்னது சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுத்துக்கொள்ளும் உரிமையைக் குறிப்பது. அதே ‘பெறு’ இன்று ‘விழா நடத்தப்பெற்றது’ என வெறும் செயப்பாட்டுத் துணைவினையாக வழங்குகிறது. அதனால் பரிகாரப் பகுதியைப் படிக்கும் இன்றைய மாணவர் ‘எடுக்கப்பெறுவது’ என்பதைக் ‘கட்டப்படுவது’ எனக் கொண்டு, உரிமையைச் செய்தியாக மாற்றிவிடுகிறார். கல்வெட்டியல் வகுப்புகளில் இது முதலில் சுட்டப்பட வேண்டும்.

கடமைக்கும் அவ்வாறு ‘கடவ’ என்னும் பெயரெச்சம் இருந்தது. ‘இறுக்கக்கடவ நெல்’, ‘அளக்கக்கடவ நெல்’ என்பன சோழர் கல்வெட்டுகளில் பயில்வன. செலுத்த வேண்டிய நெல் என்பதே கருத்து. ஆங்கிலத்தில் இதற்குச் செயப்பாடு இன்றியமையாதது. கல்வெட்டில் ‘படு’ இல்லை. அளப்பவர் ஊரார் என்பதும், நெல் தன்னை அளந்துகொள்ளாது என்பதும் எழுதியவருக்கும் படித்தவருக்கும் தெரிந்தவையே. இன்று ‘கடவ’வை மீட்க இயலாது. ஆனால் வண்டல் மண் அனுமதியில் ‘எடுக்கக்கூடிய மண்’ என்பதற்கு மாற்றாக ‘எடுக்க இசைவுள்ள மண்’ என்றும், விசாரணை அறிவிப்பில் ‘விசாரிக்கப்பட வேண்டியவர்’ என்றும் எழுதுவதற்குப் புதிய சொல் எதுவும் தேவையில்லை.