காலியான டேங்க், வெடித்த குழாய்: குளிர்காலத்துக்கு முன் கேம்பரிலிருந்து தண்ணீரை எடுப்பது எப்படி?

கனடாவில் அக்டோபர் மாதத்தின் இரண்டாவது திங்கள்கிழமை தேங்க்ஸ்கிவிங் விடுமுறை. ஒன்டாரியோ மாகாணத்தில் பல பூங்காக்களின் முகாம் பருவம் அந்த வார இறுதியோடு முடிந்துவிடும். கோடை முழுக்க ஏரிக்கரைகளில் நின்ற கேம்பர் வண்டிகள் வீட்டு வாசலுக்கோ, வாடகை நிறுத்துமிடத்துக்கோ திரும்பும். அடுத்த மே மாதம் வரை அவற்றுக்கு வேலை இல்லை.

மே மாதம் வண்டியைத் திறந்து தண்ணீர் விடும்போதுதான் சிலருக்கு விஷயமே தெரிகிறது. சிங்க்குக்கு அடியில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. கழிவறைக்குப் பின்னால் ஒழுகுகிறது. தரைப்பலகை ஊறி உப்பிப்போகிறது. "டேங்கை முழுசா திறந்து விட்டுட்டுத்தானே நிறுத்தினோம்?" என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி.

அவர்கள் சொல்வது பொய்யில்லை. டேங்க் காலியாகத்தான் இருந்திருக்கும். ஆனால், டேங்க் காலியானால் வண்டியில் தண்ணீர் இல்லை என்று அர்த்தமில்லை. பம்ப்பிலும் வால்விலும் வளைந்த குழாயிலும் தங்கிய அரை டம்ளர் தண்ணீர் போதும், ஒரு குளிர்காலத்தில் வேலையைக் காட்டிவிடும்.

கேம்பருக்குள் தண்ணீர் எங்கெல்லாம் இருக்கிறது?

சினிமா படப்பிடிப்புகளில் நடிகர்களுக்காக நிற்கும் கேரவனைப் பார்த்தவர்களுக்கு கேம்பரைப் புரிந்துகொள்வது எளிது. படுக்கை, அடுப்பு, சிங்க், ஷவர், கழிவறை எல்லாம் சக்கரத்தின் மேல் இருக்கும் ஒரு சின்ன வீடு அது.

அதில் பொதுவாக மூன்று டேங்குகள் இருக்கும். நல்ல தண்ணீருக்கு ஒன்று. பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீருக்கு ஒன்று. அதை 'கிரே டேங்க்' என்பார்கள். கழிவறைக் கழிவுக்கு ஒன்று. அது 'பிளாக் டேங்க்'. நல்ல தண்ணீர் டேங்கிலிருந்து 12 வோல்ட் பம்ப் ஒன்று தண்ணீரை இழுத்து, சூடான லைன், குளிர்ந்த லைன் இரண்டுக்கும் அனுப்பும். நடுவில் வாட்டர் ஹீட்டர். பெரும்பாலான வண்டிகளில் அது 23 லிட்டர் அல்லது 38 லிட்டர் கொள்ளும்.

இவை தவிர, முகாமில் இருக்கும் தெருக்குழாயில் ஹோஸ் மாட்டி நேரடியாகத் தண்ணீர் எடுக்க வண்டியின் பக்கவாட்டில் ஒரு வாய் உண்டு. வெளியே கால் கழுவ ஒரு ஷவர், சில வண்டிகளில் ஐஸ் மெஷின், துணி துவைக்கும் இயந்திரம், வாட்டர் ஃபில்டர் ஆகியவையும் இருக்கும். இத்தனை இடத்திலும் தண்ணீர் நிற்கும்.

குழாய் ஏன் வெடிக்கிறது?

தண்ணீர் உறைந்து ஐஸ் ஆகும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. ஃப்ரீசரில் மறந்து வைத்த கண்ணாடி பாட்டில் விரிசல் விடுவது இதனால்தான்.

குழாயில் நடப்பது இன்னும் கொஞ்சம் விசித்திரமானது. ஐஸ் பிடித்த இடத்தில்தான் குழாய் உடையும் என்று நினைப்போம். பல நேரங்களில் அப்படி நடப்பதில்லை. குழாயின் நடுவில் ஐஸ் அடைப்பாக உட்கார்ந்து வளரும்போது, அதற்கும் மூடிய குழாய்க்கும் இடையே சிக்கிய தண்ணீர் நெருக்கப்படுகிறது. அதற்குப் போக வழியில்லை. அழுத்தம் ஏறிக்கொண்டே போய், எது பலவீனமோ அது உடைகிறது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1990-களில் வீட்டுக் குழாய்களை வைத்துச் செய்த ஆய்வும் இதையே காட்டியது.

இன்றைய கேம்பர்களில் பெரும்பாலும் 'பெக்ஸ்' எனப்படும் வளையும் பிளாஸ்டிக் குழாய்தான் இருக்கும். அது ஓரளவு விரிந்து கொடுக்கும். ஆனால் அதன் இணைப்புகளும், பம்ப்பின் தலைப்பகுதியும், கழிவறையின் பிளாஸ்டிக் வால்வும், ஷவர் குழாயும் விரிந்து கொடுக்காது. உடைவது பெரும்பாலும் இவைதான். இவை இருப்பதெல்லாம் பலகைக்குப் பின்னாலும் பெட்டிக்கு அடியிலும் என்பதால், ஒழுகினாலும் உடனே கண்ணில் படாது.

முதல் வேலை: ஹீட்டரை ஆற விடுவது

தண்ணீரை எடுக்கும் வேலையில் ஆளுக்கு ஆபத்து என்றால் அது ஹீட்டரில்தான். கேஸ், கரண்ட் இரண்டையும் அணைத்துவிட்டு, சில மணி நேரம் ஆற விட வேண்டும். பம்ப்பை நிறுத்தி, ஹோஸைக் கழற்றி, ஒரு சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து உள்ளே இருக்கும் அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் ஹீட்டரின் அடி மூடியைக் கழற்றலாம். சூடும் அழுத்தமும் இருக்கும்போதே மூடியைத் திருகினால், கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

சில ஹீட்டர்களில் அந்த மூடியோடு ஒரு நீளமான உலோகக் கம்பி சேர்ந்து வரும். அதன் பெயர் ஆனோட் ராட். தண்ணீர் டேங்கின் எஃகை அரிக்காமல், தான் அரிபட்டு டேங்கைக் காக்கிற கம்பி அது. முக்கால்வாசி கரைந்துபோயிருந்தால் புதிது மாட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

எந்த வரிசையில் திறக்க வேண்டும்?

கழிவு டேங்குகளை முகாமிலேயே, அதற்கென்று உள்ள கழிவு அகற்றும் இடத்தில் காலி செய்துவிட்டு வருவது நல்லது. முதலில் பிளாக் டேங்க், பிறகு கிரே டேங்க். சோப்புத் தண்ணீர் பின்னால் வந்து ஹோஸைக் கழுவிவிடும் என்பதால் இந்த வரிசை.

அடுத்து நல்ல தண்ணீர் டேங்கின் அடி வால்வு. அதன் பிறகு வண்டிக்கு அடியில் தொங்கும் இரண்டு சிறிய வடிகுழாய்கள்; சூடான லைனுக்கு ஒன்று, குளிர்ந்த லைனுக்கு ஒன்று. இவற்றைத் திறந்துவிட்டு, உள்ளே எல்லாக் குழாய்களையும் திறந்து வைக்க வேண்டும். மேலே காற்று நுழைந்தால்தான் கீழே தண்ணீர் இறங்கும். வண்டியின் முன்பக்கத்தைச் சற்று ஏற்றியோ இறக்கியோ வைத்தால் வடிகுழாய் இருக்கும் பக்கம் தண்ணீர் ஓடி வரும். கடைசியாக பம்ப்பைச் சில நொடிகள் மட்டும் ஓட விட்டு, அதற்குள் இருப்பதையும் துப்ப வைக்கலாம்.

இதோடு பலர் கை கழுவிவிடுகிறார்கள். பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

காற்றா, இளஞ்சிவப்புத் திரவமா?

மிச்சத் தண்ணீரைச் சமாளிக்க இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, கம்ப்ரசர் காற்று. ஹோஸ் மாட்டும் வாயில் ஒரு அடாப்டரைப் பொருத்தி காற்றைச் செலுத்தி, குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து தண்ணீரை ஊதித் தள்ளுவார்கள். காற்றின் அழுத்தம் 40 பி.எஸ்.ஐ. அளவில் இருந்தால் போதும். அதாவது கார் டயரில் அடிப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல். அவசரப்பட்டு அதிக அழுத்தம் கொடுத்தால், ஐஸ் செய்ய வேண்டிய சேதத்தைக் காற்றே செய்துவிடும். காற்று செலவில்லாதது. ஆனால் பள்ளமான இடங்களில் ஒட்டியிருக்கும் தண்ணீரையும், பம்ப்புக்குள் தங்கியதையும் அது முழுசாகத் தள்ளாது.

இரண்டாவது வழி, ஆர்.வி. ஆன்டிஃப்ரீஸ் என்ற இளஞ்சிவப்பு நிறத் திரவம். பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்தில் ஒரு சிறு ஹோஸ் மாட்டி, அதை நேரடியாகக் கேனுக்குள் விடுவார்கள். பம்ப்பை ஓட விட்டு, ஒவ்வொரு குழாயிலும் சூடு, குளிர் இரண்டையும் திறந்து, நல்ல இளஞ்சிவப்பாக வரும் வரை காத்திருக்க வேண்டும். வெளிறிய நிறத்தில் வந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் கலக்கிறது என்று பொருள்.

இதில் ஹீட்டரின் பைபாஸ் வால்வைத் திருப்ப மறந்தால் செலவு எகிறும். பைபாஸ் செய்தால் பொதுவாக 8 முதல் 11 லிட்டர் போதும். செய்யாவிட்டால், காலியான ஹீட்டரை நிரப்பவே இன்னும் 23 அல்லது 38 லிட்டர் போய்விடும்.

கேனின் மேல் 'மைனஸ் 50' என்று எழுதியிருப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது ஃபாரன்ஹீட் கணக்கு. செல்சியஸில் சுமார் மைனஸ் 45. அந்த வெப்பநிலை வரை திரவமாகவே இருக்கும் என்றும் அதற்குப் பொருளில்லை. மைனஸ் 10 டிகிரி செல்சியஸை ஒட்டியே அது கூழாக இறுக ஆரம்பிக்கும். ஆனால் குழாயை உடைக்கும் அளவுக்கு விரியாது. அந்த வாக்குறுதியும் தண்ணீர் கலக்காத திரவத்துக்குத்தான். அதனால்தான் முதலில் வடிக்க வேண்டும், பிறகு நிரப்ப வேண்டும். காற்றில் ஊதிவிட்டு அதன் பிறகு ஆன்டிஃப்ரீஸ் விடுகிறவர்களும் உண்டு.

காரின் கூலன்ட்டை ஊற்றலாமா?

கூடவே கூடாது. ஆர்.வி. ஆன்டிஃப்ரீஸில் பெரும்பாலும் இருப்பது புரொப்பிலீன் கிளைகோல். கார் கூலன்ட்டில் பொதுவாக இருப்பது எத்திலீன் கிளைகோல். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்தாலும், இரண்டாவது விஷம். இனிப்பாக இருக்கும் என்பதால் குழந்தைகளும் நாய்களும் குடித்துவிடும் ஆபத்து அதிகம். சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்தக் குடும்பத்துப் பெயர்கள் புதிதல்ல. 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளின் உயிரைப் பறித்த இருமல் மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் இருந்த டைஎத்திலீன் கிளைகோலும் இதே வகை நஞ்சுதான். குடிநீர் வரும் குழாயில் எதை ஊற்றுகிறோம் என்று லேபிளைப் படித்துப் பார்ப்பது இதனால்தான் முக்கியம்.

மறந்துபோகும் இடங்கள்

சிங்க்குக்கும் ஷவருக்கும் அடியில் உள்ள வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். டேங்கின் நாற்றம் மேலே வராமல் தடுப்பது அதுதான். வால்வைத் திறந்தாலும் அது வடியாது. ஒவ்வொன்றிலும் ஒரு கப் ஆன்டிஃப்ரீஸ் ஊற்ற வேண்டும். அது கிரே டேங்கில் இறங்கினாலும் நல்லதே. டேங்கின் வால்வையும் காக்கும்.

கழிவறையை இளஞ்சிவப்பு வரும்வரை ஃப்ளஷ் செய்ய வேண்டும். வெளி ஷவரையும் ஒருமுறை திறந்துவிட வேண்டும். ஃபில்டரின் கார்ட்ரிட்ஜை ஆன்டிஃப்ரீஸ் விடுவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். ஹோஸ் மாட்டும் வாய்க்குள் ஒரு சிறு வால்வு உண்டு. பம்ப்பை நிறுத்தி அழுத்தத்தைக் குறைத்துவிட்டு, அதன் நடுமுனையை லேசாக அழுத்தினால் இரண்டு சொட்டு இளஞ்சிவப்பு வரும். அங்கேயும் தண்ணீர் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

எல்லாம் முடிந்ததும் ஹீட்டரின் சுவிட்ச் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, 'உள்ளே தண்ணீர் இல்லை' என்று எழுதி வைப்பது பழக்கப்பட்டவர்கள் செய்யும் வேலை. ஆறு மாதம் கழித்து யாராவது மறந்துபோய் கரண்டைப் போட்டால், காய்ந்த ஹீட்டரின் காயில் அந்த நிமிடமே எரிந்துவிடும்.

மே மாதம் என்ன செய்ய வேண்டும்?

முதலில் நல்ல தண்ணீரை ஓட விட்டு, இளஞ்சிவப்பு முழுசாகப் போகும் வரை அலச வேண்டும். அடுத்தது கிருமி நீக்கம். மணம் சேர்க்காத வீட்டு பிளீச் 60 மில்லி, டேங்கின் ஒவ்வொரு 57 லிட்டருக்கும் என்பது வழக்கமான கணக்கு. அதைத் தண்ணீரில் கரைத்து, எல்லாக் குழாயிலும் வாசனை வரும்வரை ஓட விட்டு, ஓர் இரவு அப்படியே வைத்து, மறுநாள் வாசனை போகும்வரை அலச வேண்டும்.

இத்தனைக்கும் ஆகும் செலவு இரண்டு மூன்று கேன் ஆன்டிஃப்ரீஸும் ஒரு மதியப் பொழுதும்தான். தவறவிட்டால் பம்ப், வால்வு, ஊறிய தரைப்பலகை என்று செலவு நீளும். உறைபனியால் வந்த சேதத்தைப் பராமரிப்புக் குறைவாகக் கருதி ஏற்க மறுக்கும் காப்பீட்டு பாலிசிகள் பல உண்டு. எனவே கேனின் லேபிளோடு பாலிசியின் சின்ன எழுத்தையும் அக்டோபரிலேயே படித்துவிடுவது நல்லது.